மண்ணின் மேல் ஒரு தெராஸ்

மாமா அந்த இடத்துக்கு 'தெராஸ்' என்று பேர் வைத்த அன்றே எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. மாமா என்றால் என் மாமனார். இளவயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். வீட்டில் எந்தக் காரியமானாலும் முதலில் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பேர் வைப்பார். வேலை அதற்குப் பிறகுதான். எங்கள் பின்கட்டில் அன்றைக்கு இருந்தது ஒரு முருங்கை மரம், துணி துவைக்கிற கல், இரண்டு எலி வளை. அதைக் கைத்தடியால் காட்டி, "இங்கதான் தெராஸ் வரப்போவுது" என்றார். தெராஸ் என்றால் உயர்த்திக் கட்டின தளம். சுவர் எங்கே வரும், மண் எங்கிருந்து வரும், அந்தத் தளம் எதன்மேல் நிற்கும் என்று ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அதுதான் தொழில். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு ரெடிமிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். லாரியில் ஏறப்போகும் கான்கிரீட்டைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டாது. அந்தக் கையெழுத்தின் மதிப்பெல்லாம் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். உள்ளே வந்தால் நான் மருமகள். காபிக்குச் சர்க்கரை போட்டாச்சா என்பதைத் தவிர வேறு எந்தக் கேள்வியும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

தெராஸ் ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கே எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலைமேலேயே புதிதாகப் போடுவார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்குள் போக இரண்டு படி ஏறினேன். இப்போது இறங்குகிறோம். வசதி இருந்தவர்கள் வீட்டை இடித்து ரோட்டுக்கு மேலே உசத்திக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வாசலில் விழுந்த மழையும் சேர்ந்து எங்கள் வீட்டுக்குள் வந்தது. வாய்க்கால் வெட்டித் தாருங்கள் என்று கேட்டோம். வந்து அளந்தார்கள், சுண்ணாம்பில் கோடு போட்டார்கள், போய்விட்டார்கள். மழையில் கோடு அழிந்ததும் மறுபடி வந்து அளந்தார்கள். இவ்வளவு தடவை அளந்த வாய்க்கால் உலகத்திலேயே எங்கள் தெருவில்தான் இருக்கும்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலற்றுப் போயிருந்தது. கட்டில், வீல்சேர், மறுபடி கட்டில் என்றிருந்தார். ஒரு கார்த்திகை மழையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிக் கட்டில் சட்டத்தைத் தொட்டது. தெருவில் இருந்த ஆண்கள் நான்கு பேர் வந்து, அத்தையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். அத்தை நைட்டியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது புடவைத் தலைப்பு தோளைவிட்டு ஒரு விரற்கடை நழுவியதில்லை, அப்படிப்பட்ட மனுஷி. தூக்கின வேகத்தில் நைட்டி தொடைக்கு மேலே சுருண்டுகொண்டது. இடது கை வராது. வலது கையால் நாற்காலியைப் பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார். இழுத்துவிட வழியில்லை. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், எதிரே மாடிகளில் எல்லாம் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது பின் மனையில் குடியிருக்கிற இட்லியக்கா ஒரு போர்வையோடு ஓடி வந்தார். பக்கத்துக் கிராமத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்த குடும்பம் அவருடையது. டவுனுக்கு வந்து இட்லி அவித்து விற்கத் தொடங்கியதிலிருந்து தெருவில் எல்லோருக்கும் அவர் இட்லியக்காதான். எங்கள் பின்பக்க எல்லையை ஒட்டி அவருடைய தகரக் கொட்டகை, அதற்குள் அடுப்பு. அவர் மனை எங்களுடையதைவிடவும் பள்ளம். அவர் வீட்டிலும் தண்ணீர்தான். ஆனாலும் அவர் போர்வையைத் திரை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்திலேயே தெருமுனை வரைக்கும் தண்ணீரில் நடந்து வந்தார்.

அன்று அத்தை அழவில்லை. சர்ச் ஹாலில் கொண்டுபோய் இறக்கினதும் என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார். "இனிமே என்ன யாரும் தூக்கக் கூடாது. வெள்ளம் வந்தா அப்டியே கெடக்கேன். ஆனா தூக்கக் கூடாது. கேட்டியா?"

கேட்டேன். அதற்காகத்தான் தெராஸ். பழைய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, சுவருக்கு வலு போதாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே பின்கட்டில் எல்லையோரமாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி, ரோட்டைவிட உயரமாகத் தளம் போட்டு, அதன்மேல் அத்தைக்கு ஓர் அறை. அறையிலிருந்து பக்கச் சந்து வழியாகத் தெருவரைக்கும் ஒரு சறுக்குப் பாதை. எவ்வளவு மழை வந்தாலும் வீல்சேரைத் தள்ளிக்கொண்டே வெளியே வந்துவிடலாம். யாரும் தூக்க வேண்டியதில்லை. யோசனை நல்லதுதான். அதை எப்படிக் கட்டுவது என்பதில்தான் என் உயிர் போனது.

மாமாவுக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் வந்தார். வந்த மறுநாளே டிராக்டர் டிராக்டராக ராபிஷ் வந்து இறங்கியது. டவுனில் எங்கேயோ இடித்த வீட்டின் மிச்சம். செங்கல் துண்டு, ஓடு, சுண்ணாம்புக் காரை, பாத்ரூம் டைல்ஸ். மேலாக ஓர் உடைந்த வெஸ்டர்ன் டாய்லெட், வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது. நான் வேலையிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இதையா உள்ள போடப் போறீங்க?"

"ராபிஷ்தாம்மா நல்லா கெட்டிப்படும்" என்றார் மேஸ்திரி. "மேல தண்ணி கட்டி உட்டா தானா எறங்கிக்கும். அதுக்கு மேல தளத்தப் போட்டுட்டுப் போயிடலாம்."

ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். மண்ணைக் கொட்டுவது, ஹோஸ் வைத்து ஊற வைப்பது, மேலே கான்கிரீட்டைப் போட்டு, டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சிவிடுவது. கொட்டின மண் நம் வசதிக்கு ஒரே நாளில் இறங்கி முடித்துவிடுமா? அது தன் இஷ்டத்துக்கு வருஷக் கணக்கில் இறங்கும். சுவர் ஓரத்தில் மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்துகிற திமிசுக் கட்டை சரியாக நுழையாது. அங்கே இன்னும் அதிகமாக இறங்கும். பாதி பழைய கெட்டித் தரையிலும் பாதி புது மண்ணிலும் உட்கார்ந்த தளம் நடுவில் வெடிக்காமல் என்ன செய்யும்? நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தளம் அந்த மண்ணை நம்பி இருக்கக் கூடாது. அடியில் பழைய கெட்டித் தரை வரைக்கும் தோண்டித் தூண் எழுப்பி, தூண்மேல் பீம் ஓட்டி, பீம்மேல் தளத்தை உட்கார வையுங்கள். மண் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கட்டும். நாளைக்கு அது இறங்கினாலும், கரைந்து ஓடினாலும், தளம் நிற்கும்.

மேஸ்திரி சிரித்தார். "மண்ணு மேல போடுற தளத்துக்குத் தூணா? நாம இன்னா பாலமா கட்டறோம்?"

"இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார் மாமா. என் கணவர் என்னைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்தும் அதே மாதிரி தலையாட்டினார். அந்தக் கழுத்தைத் திருகிப் போடலாம் என்று இருந்தது.

கத்திப் பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அதையெல்லாம் மாமா கவனித்ததாகவே தெரியவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லி, மாமாவை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போனேன். எங்கள் யார்டின் கோடியில் லாரி கழுவுகிற மேடை ஒன்று இருக்கிறது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி அதன்மேல் நேராகப் போட்ட தளம். பார்வைக்குக் குறை ஒன்றும் இருக்காது.

"தட்டிப் பாருங்க மாமா" என்றேன்.

கைத்தடியால் தட்டினார். டக் டக் என்று கெட்டியாகக் கேட்டது. இன்னும் சுவர்ப்பக்கம் போகச் சொன்னேன். தட்டினார். தொம் என்றது. இன்னும் இரண்டு அடி தள்ளித் தட்டினார். தொம், தொம். கீழே மண் இறங்கிப் போய், தளம் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. மாமா திரும்பி வந்து கெட்டியான இடத்தில் தட்டினார், மறுபடி அங்கே போய்த் தட்டினார். "ஆ போன்" என்றார், அப்படியா என்பதற்கு அவருடைய பிரெஞ்சு. பிறகு அந்த மேடையிலிருந்து அவசரமாக இறங்கிவிட்டார். விழா எங்கே என்று கேட்கவே இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் அவர் குரல் கணீரென்று கேட்டது. "தூணு, பீமு போட்டுதான் தளம். எனக்கு மொதல்லயே தோணிச்சு, யோசன பண்ணிக்கிட்டு இருந்தேன்." நான் அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்று பல்லைக் கடித்தேன். யோசனை யாருடையது என்று சண்டை போட்டால் தூண் போய்விடும். பேரை அவரே வைத்துக்கொள்ளட்டும், எனக்குத் தூண் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டது அதிசயம் என்று என் கணவர் வேறு பாராட்டினார்.

அடுத்த சண்டை ஓட்டைக்காக. தடுப்புச் சுவரில் அடிப்பக்கமாக வரிசையாகக் குழாய்த் துண்டுகள் வைத்து, உள்பக்கம் ஜல்லி கொட்டி, ஓட்டை விட வேண்டும். மேலே பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கும். இறங்கின தண்ணீர் அந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே போய்விடும். வழி விடாவிட்டால் மண் ஊறி ஊறிக் கனத்துப்போய், தண்ணீரும் சேர்ந்து சுவரைத் தள்ளும். என்ன கம்பி போட்டுக் கட்டினாலும் ஒரு நாள் தள்ளிவிடும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல மாமாவுக்குச் சொன்னேன்.

"அது கன்னி மூல" என்றார் மாமா. தென்மேற்கு மூலை. "அங்க ஓட்ட போட்டா வீட்ல தங்கறது எல்லாம் ஓடிடும்."

"மாமா, நாம வேதக்காரங்க. வாசல்ல திருஇருதயப் படம் மாட்டி வெச்சிக்கிட்டு வாஸ்து பாக்கறீங்களே."

"அது சாமி விஷயம். இது தெச விஷயம்."

இதற்கு மேல் என்ன பேசுவது? சுவர் எழும்புகிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, குழாய்த் துண்டுகளை ஒரு கோணியில் கட்டிக்கொண்டு போய் வேலை நடக்கிற பள்ளத்தில் இறங்கி நின்றேன். கொத்தனார் என் கண் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். மாமா மேலே நின்று கொஞ்ச நேரம் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தூக்கம் வந்து உள்ளே போய்விட்டார். ஓட்டைகள் வைத்ததையும் பார்த்தேன், பின்னால் ஜல்லி கொட்டியதையும் பார்த்தேன். இதில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

அறை முடிந்து, பாதிரியார் வந்து மந்திரித்துப் போனார். அத்தை மேலே குடிபோனார். அவர் அறையின் பின் ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே இட்லியக்காவின் கொட்டகை. காலையில் ஆவி ஜன்னல் வரைக்கும் வரும். அத்தை ஒரு தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி இறக்குவார். இட்லியும் சட்டினியும் மேலே வரும். அதோடு தெருக்கதை முழுவதும் மேலே வரும். மதியம் வியாபாரம் முடிந்ததும் கீழே ஒருவர் பாத்திரம் துலக்கிக்கொண்டும், மேலே ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டும் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சறுக்கில் உருண்டு தெருவுக்கு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து கோயிலுக்குப் போவார். யாரும் அவரைத் தூக்கவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் மாமா, "தெராஸ் எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறு மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் எனக்கு இட்லி வாங்கிக்கொண்டு போகலாம் என்று பின்தெரு வழியாகச் சுற்றி இட்லியக்காவின் மனைக்குப் போனேன். சுவர் கட்டின பிறகு நான் அந்தப் பக்கம் போயிருக்கவே இல்லை. வேலை, வீடு, வேலை. கொட்டகைக்குப் பின்னால் எங்கள் சுவர் வழவழவென்று பூசி வெள்ளை அடித்திருந்தது. ஓட்டை ஒன்றைக்கூடக் காணோம். கையால் தடவிப் பார்த்தேன். குழாய் வாய் இருந்த இடத்தில் எல்லாம் சிமெண்ட். சுவர் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்திருந்தது. பின்னால் தண்ணீர் நிற்கிறது என்று என் உள்ளங்கைக்கே தெரிந்தது.

"யாருக்கா இத அடச்சது?"

"பூசும்போதே கொத்தனாரு அடச்சிட்டாரேம்மா. ஒனக்குத் தெரியாதா?" இட்லியக்கா துணியைத் தட்டிலிருந்து உரித்துக்கொண்டே சொன்னார். "வூட்ல சொன்னாங்கன்னாரு."

வீட்டில் சொன்னார்கள். வீட்டில் யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இட்லியை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். மாமா அத்தையின் அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"கடசீல உங்க கன்னி மூலைதான் ஜெயிச்சிது, இல்ல? எனக்குத் தெரியாம அடச்சிட்டீங்க."

"எத?"

"ஓட்டய! செவுத்து ஓட்டய!"

"நான் அடைக்கல."

"நீங்க அடைக்காம வேற யாரு அடைப்பாங்க? உங்க வாஸ்துவுக்கு அத்த உசுரு போவணுமா?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "நான் சொல்தா. செஞ்சா செஞ்சேன்னு சொல்வேன். செய்யல."

எனக்கு அவரை நம்பத் தோன்றவில்லை. வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ராணுவத்தையும் பென்ஷனையும் கைத்தடியையும் விட்டுவைக்கவில்லை. என் கணவர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். திரும்பவே இல்லை.

மேஸ்திரிக்குப் போன் போட்டால் கடலூரில் வேலையாக இருந்தார், எடுக்கவில்லை. வேறு ஆளைத் தேடினால் மழையில் யார் வருவார்கள்? சனிக்கிழமை யார்டிலிருந்து டிரில்லிங் மெஷினைக் கேட்டு வாங்கி வந்து நானே துளை போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குள் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லத் தொடங்கி, வெள்ளி முழுக்க நிற்காமல் ஊற்றியது. சனிக்கிழமை மதியம் மெஷினைப் பாலிதீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராகப் பின்தெருவுக்குப் போனேன். வண்டி போகவில்லை. நடந்தேன்.

சுவருக்கு வயிறு வைத்திருந்தது. மார்பளவு உயரத்தில் அது வெளியே உப்பிக்கொண்டு வந்திருந்தது. பூச்சு வெடித்து, கீறல் வழியாகச் செந்நிறத் தண்ணீர் பீய்ச்சியது. அதற்குக் கீழே கொட்டகைக்குள் இட்லியக்கா சாயங்கால வியாபாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். மெஷினைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "இரும்மா, மாவு" என்றார். மாவாவது மண்ணாவது. தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு பேரும் வேப்ப மரத்தடியைத் தாண்டினோம், அவ்வளவுதான். பெரிய சத்தம்கூட இல்லை. சுவர் மெதுவாகப் படுத்தது. அதன் பின்னாலேயே உள்ளே போட்டிருந்த அவ்வளவு ராபிஷும் குழம்பாகி வழிந்து இறங்கியது. தகரம் மடங்கியது. அடுப்பு, இட்லிப் பானை, கிரைண்டர், மாவு, எல்லாம் அடியில். மேலே அந்த வெஸ்டர்ன் டாய்லெட் வந்து உட்கார்ந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மண் போன பிறகும் தளம் நின்றது. நான்கு தூண்மேல் மேசை மாதிரி, அடியில் வெறும் காற்று, மேலே அத்தையின் அறை. ஒரு கீறல் இல்லை. என் தூண். என் வாழ்க்கையில் நான் சரி என்று இவ்வளவு பெரிதாக நிரூபணமானது வேறு எப்போதும் இல்லை. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

சறுக்குப் பாதை மண்ணோடு போய்விட்டிருந்தது. அதற்கு நான் தூண் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். மிச்சம் இருந்த வழி, பழைய வீட்டுக்குள் இறங்கும் படிகள் மட்டும்தான். அங்கே தண்ணீர் முழங்காலுக்கு மேல். தளம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடியில் மண் இன்னும் வழிந்துகொண்டிருக்கும்போது அத்தையை அங்கே விட்டுவைக்க யாருக்கும் தைரியம் இல்லை. மறுபடி பிளாஸ்டிக் நாற்காலி, மறுபடி நான்கு பேர்.

இந்த முறை போர்வை பிடிக்க யாரும் வரவில்லை. அத்தை வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். மூடவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். எதிர் வீட்டின் உயரமான ஹாலில் கொண்டுபோய் இறக்கினதும் முதலில் கேட்டது, "அவ எங்கம்மா? வர்லியா?"

நான் தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு. எனக்குப் பொறுக்கவில்லை. "எப்டி வருவாங்க? நம்ம செவுரு அவங்க அடுப்பு மேல கெடக்கு. மாமா ஓட்டய அடச்சாரு. தண்ணி போவ வழியில்லாம செவுரே போயிடுச்சு."

மாமா ஒரு மூலையில் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவரு அடைக்கல" என்றார் அத்தை. "நான்தான் அடைக்கச் சொன்னேன்."

ஹாலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு அவ எனக்குப் போர்வ புடிச்சிக்கிட்டு வந்தா பாரு. அந்நேரம் அவ மண்ணடுப்பு தண்ணில கரைஞ்சிக்கிட்டு இருந்துது. அடுப்பப் பாக்காம என்னப் பாத்தா. அதுக்கப்புறம் அவ எத்தினி நாளு யாவாரம் இல்லாம கெடந்தா, உங்க யாருக்குனா தெரியுமா? நம்ம ஓட்ட எல்லாம் நேரா அவ அடுப்பத்தான் பாத்துக்கிட்டு இருந்துது. நம்ம தண்ணிய அவ அடுப்புல உடுறதா? நான் மேல வந்தப்புறம், வெளிச்செவுத்தப் பூச வந்த கொத்தனார ஜன்னல் கிட்ட கூப்ட்டு சொன்னேன். அடச்சிட்டாரு."

மாமாவின்மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அது அப்படியே திரும்பி அந்த நாற்காலியின்மேல் பாய்ந்தது. "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா அத்த? ஒரு பைப்ப வெச்சி எல்லாத் தண்ணியையும் சந்துப் பக்கம் திருப்பி உட்டிருப்பேனே! அவங்க அடுப்புக்கு ஒரு சொட்டு போயிருக்காதே! அர நாள் வேல!"

"உங்கிட்ட எப்டிம்மா சொல்றது?" என்றார் அத்தை. "ஓட்டன்னு யாராவது வாயத் தொறந்தாலே நீ சாமியாடுற."

மாமா, "அலோர்..." என்று பிரெஞ்சில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். தண்ணீர் போக வாய்க்கால் இல்லாத ஒரு தெருவில், யார் வீட்டுத் தண்ணீரை யார் வீட்டுக்குள் விடுவது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் மறைத்து மறைத்துச் செய்த காரியத்தின் லட்சணம் இதுதான். ரோட்டை உசத்தினவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை, நான் கத்துவதற்கு.

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"அடுப்பு முழுசா போச்சா?"

"முழுசா."

"மாவு?"

"எல்லாம்தான்."

"அவளுக்கு அடி கிடி?"

"இல்ல. சேத்துல நின்னு பாத்திரத்தத் தோண்டிக்கிட்டு இருக்காங்க."

அத்தை வலது கையால் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டார். "தூக்குங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எங்க?"

"அவ கிட்ட. என்னத் தூக்கிக்கிட்டுப் போங்க."

"மழ வுடட்டும்மா, நாளைக்கிப் போவலாம்" என்றார் என் கணவர்.

"நாளைக்கி அவ மூஞ்சிய பாக்க எனக்கு தைரியம் வராது. இப்ப தூக்கு."

எதிர் வீட்டுப் பெண் உள்ளே ஓடிப்போய் ஒரு போர்வை கொண்டுவந்து நீட்டினார். அத்தை அதைப் பார்க்கக்கூட இல்லை. "அது வாணாம்" என்றார்.

எனக்குக் கோபம் துளிகூடக் குறைந்திருக்கவில்லை. அதே கோபத்தோடு குனிந்து நாற்காலியின் முன்காலைப் பிடித்தேன். மாமா கைத்தடியை அங்கேயே போட்டுவிட்டு வந்து இன்னொரு காலைப் பிடித்தார். பின்னால் என் கணவரும் எதிர் வீட்டுக்காரரும். படியிறங்கித் தெருத் தண்ணீரில் கால் வைத்ததும் நாற்காலி சாய்ந்து, நைட்டி முழங்காலுக்கு மேலே போய்ச் சுருண்டுகொண்டது. நான் அதை இழுத்துவிட ஒரு கையை எடுத்தேன்.

"வுடு" என்றார் அத்தை. "நேரா பாத்து நட."